பதினேழாம் எண் விண்ணப்பதாரர்

இருங்க சார், கையெழுத்துப் போடத்தானே வந்திருக்கேன். ஆனா எதையும் முறைப்படி ஆரம்பிக்கணும். எழுதிக்கோங்க. பெயர், ஃபாரம் ஐயா. இந்த ராணுவ முகாம் வாசல்ல மேசை போட்டு விண்ணப்பம் நிரப்பிக் குடுக்கற முப்பத்தெட்டு வருஷமா ஊரே அப்படித்தான் கூப்பிடுது. பெத்தவங்க வச்ச பேரு உங்க ஃபைல்லயே இருக்கு. வயது, அறுபத்தோரு வருஷம், நாலு மாசம், பதினோரு நாள். சிரிக்காதீங்க. உங்க ஆபீஸ் அனுப்பின கடிதத்துல அன்புள்ள இளைஞரேன்னுதான் விளிச்சிருக்கு.

மேற்படி சம்பவம் இதான். தங்கச்சி மகனுக்கு ராணுவ அதிகாரி வேலைக்கு ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தேன். அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, போன மாசத்தோட வயசு வரம்பு தாண்டிப் போச்சு. படிப்பு, மதிப்பெண் எல்லாம் அவனோடதைத்தான் எழுதினேன். பேரு, பொறந்த தேதி, போட்டோ, இந்த மூணு மட்டும் என்னோடது.

எனக்கு விதிமுறை தெரியாதான்னு கேக்குறீங்களே! அதிகாரி ஆகறதுக்கு நாலு வழி சார். பன்னிரண்டாவது முடிச்சதும் பரீட்சை எழுதி அகாடமிக்குப் போகலாம். பட்டம் வாங்கிட்டுப் போகலாம். இன்ஜினியருக்குத் தனி வழி. சிப்பாயாச் சேர்ந்து படிப்படியா ஏறி வர்றது நாலாவது. எதுல வந்தாலும் உங்க அஞ்சு நாள் தேர்வு முகாமைத் தாண்டியாகணும். நான் எட்டாவதோட நின்னவன். மத்ததெல்லாம் புத்தகத்தைப் பார்த்து நானாக் கத்துக்கிட்டது.

யாரும் தடுக்கலையே சார்! வாசல் காவலர் பட்டியலைப் பார்த்தாரு. பேரு சரி, போட்டோ சரி, மூஞ்சி சரி. வயசு பார்க்கறது உள்ள இருக்கறவர் வேலைன்னாரு. உள்ள இருக்கறவரோ, வாசல்லயே பார்த்திருப்பாங்கன்னு பதினேழாம் நம்பரை என் நெஞ்சுல கட்டி விட்டுட்டாரு. பரீட்சை ஹால்ல நான் நுழைஞ்சதும் பசங்க மொத்தமும் எழுந்து நின்னுச்சு, கண்காணிப்பாளர்னு நினைச்சு. டாக்டர் தலையைப் பார்த்துட்டு, நரை உண்டு, மற்றபடி திருப்தின்னு எழுதினாரு.

அப்புறம் அந்தப் பலகையும் பீப்பாயும். தரையில சுண்ணாம்புக் கோடு போட்டு, இதான் ஆறு, கால் படாமக் கடங்கன்னீங்க. என் குழுவுல இருந்த ஏழு பசங்களும் ஆளுக்கொரு பக்கம் கத்துறானுங்க. டேய், முதல்ல உட்காருங்கடான்னேன். உட்கார்ந்துட்டானுங்க. தலைமைப் பண்புன்னு மார்க் போட்டீங்க. எனக்கு முட்டி வலி சார்.

நேர்காணல்ல ஏன் ராணுவம்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அடுத்தவனுக்கு ஆயிரம் பதில் எழுதிக் குடுத்தவன், எனக்கு வாயே வரல. தன்னடக்கம்னு அதுக்கும் மார்க்கு! கடைசியில பெற்றோர் சம்மதக் கையெழுத்து கேட்டீங்க. எங்கப்பா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆச்சுன்னு நான் எழுதினப்பதான் யாரோ பொறந்த தேதியைப் படிச்சாங்க.

மருமகனா? வெளிய பெஞ்சுல இருக்கான். மூஞ்சி குடுத்துப் பேசி ரெண்டு மாசமாச்சு. கிழட்டு லெப்டினன்ட் வந்துட்டாருன்னு தங்கச்சிதான் கதவைத் திறக்குறா. நான் விலகிட்டா அவனுக்கு வயசு விலக்கு குடுத்துத் திங்கட்கிழமை உட்கார வைப்பீங்க, அப்படித்தானே?

எங்க, அந்த விலகல் கடிதத்தை ஒருதரம் படிங்க. ம்... கைத்தவறுதலாக என் பெயரை எழுதிவிட்டபடியால். அந்தக் கைத்தவறுதலை அடிச்சிடுங்க சார். அடிச்சா எனக்கு வாசல்ல மேசை போட இடம் கிடையாதா? அவனுக்கு ஒண்ணும் ஆகாதே? அப்போ அடிங்க. கை தவறல. ஃபாரத்துல பேரு போடற கட்டத்துல ஒரு தடவை என் பேரு எப்படி இருக்கும்னு எழுதிப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. கிழிக்க மனசு வரல.

பேனாவைக் குடுங்க. ஆச்சு. தேதி நான் போட்டுக்கறேன், பழகின கை. மார்ச் ஒன்பது, செவ்வாய்க்கிழமை.