அக்காவுக்குப் படித்துக் காட்டிய புத்தகம்

எனக்குப் பேய்க்கதையே பிடிக்காது, மேடம். மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் புத்தகம் அக்காவுடையது. ஆபீஸில் யாரோ கொடுத்தார்கள். அவளுக்குச் சிறு வயதிலேயே காய்ச்சலில் பார்வை போய்விட்டதால், படித்துக் காட்டுவது என் வேலை. சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்ததும் காபி, அப்புறம் ஒரு கதை.

பழைய காலத்துப் பேய் இல்லை. லிஃப்டில், செல்போனில், குளிர்சாதனப் பெட்டிக்குள் நடக்கிற சமாச்சாரங்கள். நான் நடுங்கிக்கொண்டு படிப்பேன், அவள் கொட்டாவி விடுவாள். "எனக்கு எந்நேரமும் இருட்டுதான்டி. இதுல பேய் வேற தனியா வரணுமாக்கும்?" என்று சிரிப்பாள்.

ஒரே ஒரு கதைக்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. ஒருத்தி வீட்டில் சாமான்கள் தாமாகவே இடம் மாறும். அவ்வளவுதான் கதை. அக்கா காபியைக் கீழே வைத்துவிட்டு, "இது நல்லால்ல, அடுத்ததப் படி" என்றாள். எங்கள் வீட்டில் எடுத்த பொருளை எடுத்த இடத்தில்தான் வைக்க வேண்டும். அம்மா காலத்திலிருந்து அதை நான் மீறியதே இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட, செருப்பை ஓரமாக விடுங்கள் என்று சொன்னவள் நான்.

அந்த வாரம்தான் அவளுக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்தது. தங்குவதற்கு அறையும் தருகிறார்களாம். கூட வருகிறேன் என்றேன். "வேணாம்டி. எனக்காக நீ இருந்ததெல்லாம் போதும். இனிமேலாவது உனக்குன்னு ஒரு வாழ்க்கையப் பாரு" என்றாள். இந்த வயதில் எனக்கு என்ன வாழ்க்கை, சொல்லுங்கள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் சீப்பை மாற்றி வைத்தேன். பிறகு சோப்பு, உப்பு டப்பா. அவள் தடவித் தடவித் தேடுவாள். "நீ எடுத்தியா?" என்பாள். இல்லையே என்பேன். சில நாளிலேயே ஆள் பாதியாகிவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. எனக்குமே சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஊருக்குப் போகிற பேச்சை அவள் எடுக்கவில்லை, அந்த வரைக்கும் நிம்மதி.

அப்புறம் ஒரு நாள் சொன்னாள். "எனக்கு மறதி வந்துடுச்சு போல. அதான் சீக்கிரமே போயிடலாம்னு பாக்கறேன். புது எடத்துல எல்லாத்தையும் முதல்லேர்ந்து பழகிக்கிட்டா சரியாயிடும்."

நாங்கள் குடியிருப்பது மாடி. நடையில் வலப்பக்கம் முதலில் சமையலறை வாசல், அதற்கு அடுத்தது கீழே இறங்கும் படிக்கட்டு. சமையலறை வாசலுக்கு எதிரே ஒரு நாற்காலி எப்போதும் இருக்கும். அதன் முதுகு கையில் தட்டுப்பட்டதும் அக்கா வலப்பக்கம் திரும்புவாள். அன்றைக்கு அதைப் படிக்கட்டுக்கு எதிரே நகர்த்திப் போட்டேன். ஒரு சுளுக்கு வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன், மேடம். கால் சுளுக்கினால் ஊருக்குப் போக முடியாது, பாருங்கள்.

கடைசிக் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தவள், "நிறுத்தாத, படிச்சிட்டே இரு, எனக்குக் கேக்கும்" என்றாள். நானும் படித்தேன். நாற்காலி முதுகில் கை வைத்ததும் நின்றுவிட்டாள். எத்தனை வருஷப் பழக்கம், கால் கணக்குத் தப்புமா?

"ஏன்டி, நாற்காலி கொஞ்சம் தள்ளி இருக்கற மாதிரி இருக்கே?"

"இல்லக்கா, அதே எடத்துலதான் இருக்கு."

"அப்போ எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்று சிரித்துக்கொண்டே வலப்பக்கம் திரும்பினாள். படித்துக்கொண்டிருந்த பக்கத்தை முடித்துவிட்டுத்தான் நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரர் அதற்குள் கதவைத் திறந்திருந்தார். உயிர் அப்போதே போயிருந்தது.

நான் செய்ததுதான், மறைக்கவில்லை. ஆனால் நீங்களும் ஒரு பெண், யோசித்துப் பாருங்கள். என்ன சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிறவளை, முன்பின் தெரியாத ஊருக்கு எப்படித் தனியாக அனுப்புவது?