நேசையா எலிசபெத் ஜீவிய சரித்திரம்

— அந்த வரிய இன்னொரு தரம் வாசிங்க, உபதேசியாரே. எங்காதுல விழுந்தது சரிதானான்னு பாக்கணும்.

— வேண்டாம் சாரம்மா. விடு.

— வாசிங்கய்யா. ஞாயித்துக்கிழமை கோயில்ல ஊரே கேக்கப் போவுது. பெத்த மக நான் முன்கூட்டிக் கேட்டா என்ன?

— 'காலஞ்சென்ற நேசையா, காசிலிங்கம் என்னும் பழைய பெயரோடு இருளில் நடந்த நாட்களில், கள்ளுக்கு அடிமைப்பட்டு, மனைவி இசக்கித்தாயை மாட்டை அடிப்பதுபோல் அடித்துவந்தான். கர்த்தர் அவனைத் தொட்டார். அவன் நேசையாவானான், அவள் எலிசபெத்தானாள்.'

— நல்லா இருக்குது உங்க நியாயம். அப்பா போயி ஒரு மாசம் ஆவல. அம்மாவ அடக்கம் பண்ணி இன்னைக்கு எட்டு நாளு. அதுக்குள்ள அவரைக் குடிகாரனாவும் அவளை அடிவாங்குனவளாவும் ஆக்கிட்டிய.

— பாளையங்கோட்டைச் சபைப் பத்திரிகைக்கு எழுதுத சரித்திரம்மா. இருள்லேருந்து வெளிச்சத்துக்கு வந்தாவன்னு எழுதுதது வழக்கம்.

— அந்த வழக்கந்தான் தெரியுமே. போன வருசம் எலியேசர் தாத்தாவுக்கும் கள்ளு, பேயி, அடி. பாக்கியசீலன் மாமாவுக்கும் கள்ளு, பேயி, அடி. உங்க மைக்கூட்டுல கள்ளையா ஊத்தி வச்சிருக்கிய?

— கோவப்படாத தாயி.

— கோவப்படாம என்ன செய்ய? ரயில் ரோட்டுக்கு மண்ணு சுமக்கன்னு ஆம்பளையெல்லாம் போயிட்ட அந்த வருசம், பிசான நெல்லு நடுகை நேரத்துல அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல். அப்பா பொம்பளையளோட வரிசையில குனிஞ்சு நாத்து நட்டாவ. எந்த ஆம்பள நடுவான் நம்ம பக்கத்துல? கல்லிடைக்குறிச்சியிலேருந்து வந்த வயக்காரரு வரப்புல நின்னுக்கிட்டு, 'சேலை வாங்கித் தரட்டுமாலே'ன்னு சிரிச்சாரு. அப்பா நிமிரவே இல்ல.

— தெரியும். நானும் வரப்புல நின்னு பாத்தேன்.

— பாத்துட்டுமா இப்படி எழுதுதிய? வயலுக்குக் கஞ்சி வந்தா, அம்மா குடிச்சபொறவுதான் அவிய கலயத்தைத் தொடுவாவ. அதை எழுதக் கூடாதோ? கோயிலுக்குன்னு தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வச்சிட்டு, மிச்சத்தைத்தானே அம்மா உலையில போட்டா. அது ஆவாதோ?

— அதுவும் எழுதியிருக்கேன். அடுத்த பக்கத்துல.

— அடுத்த பக்கத்தை எவன் கேப்பான்? மொதப் பக்கத்துலயே அப்பா பேரு சந்தி சிரிச்சிருமே. அந்த வரிய அடிங்க.

— அடிக்க முடியாதும்மா.

— அப்போ ஞாயித்துக்கிழமை நீங்க வாசிக்கும்போது நான் எழுந்திரிச்சு நிப்பேன். உபதேசியாரு பொய் சொல்லுதாருன்னு சபை முன்னால சொல்லுவேன். எனக்கு வெக்கமில்ல. முப்பது வருசமா அந்த வீட்டுல இருந்தவ நான். அவிய கையோங்கி ஒரு நாளு நான் பாத்ததில்ல.

— நீ பொறந்தபொறவு ஓங்கல.

— என்ன சொல்லுதிய?

— மொதல்ல நான் வழக்கமா எழுதுத மாதிரி பட்டும் படாமதான் எழுதினேன் சாரம்மா. உங்கப்பா படுக்கையில கெடந்துக்கிட்டே அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாரு. 'பூசி மெழுகாதிரும் வே, உள்ளதை எழுதும்'னு சொல்லி, ஒவ்வொரு சொல்லா அவரே சொன்னாரு.

— அம்மா? அம்மா அங்கன இருந்தாளா?

— பக்கத்துலதான் இருந்தா. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரே ஒரு வரி வந்தப்போ மட்டும் எழுத வேண்டாம்னு எங்கையைப் பிடிச்சுக்கிட்டா. உனக்கு மூத்தது ஒண்ணு, ஏழு மாசத்துல அவ வயித்துக்குள்ளயே செத்துது. அது எப்படிச் செத்துதுன்னு உங்கப்பா சொன்ன வரி.