பேச்சியம்மாவுக்கு வந்த கடிதாசிகள்

கதை கேட்டால் எனக்குப் பேச்சு மட்டும்தான் காதில் நிற்கும். காடு எப்படி இருந்தது, ராசா என்ன உடுத்தியிருந்தான் என்பதெல்லாம் நழுவிப் போய்விடும். அவன் என்ன சொன்னான், அதற்கு இவள் என்ன சொன்னாள், அதுதான் எனக்குக் கதை. அதனால் இந்தத் தாளிலும் பேச்சுத்தான் நிறைய இருக்கும். முத்துலிங்கம் தம்பி, நீங்கள் தோட்டத்துத் தலைவர். "நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க ஆயம்மா, கோயில்ல வச்சுப் படிச்சு முடிவு சொல்லுவோம்" என்றீர்கள். எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. பேச்சியம்மா தன் ஒரே மகனை உயிரோடு போய்ப் பார்க்க முடியாமல் போனது யாரால் என்று.

இருபத்தாறு வருஷம் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் விட்டுப்போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. நம் மூன்று லயத்து வீடுகளிலும் எழுத்துத் தெரிந்த பொம்பளை நான் ஒருத்திதான். எப்படியும் நான்தானே படிக்க வேண்டும் என்று தபால்காரர் இந்தியக் கடிதாசிகளை என்னிடமே கொடுத்துவிட்டுப் போவார். சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிந்ததும் என் வாசலுக்கு வருவார்கள். நான் சும்மா வாசிப்பதில்லை. மாமன் எழுதியிருந்தால் மாமன் குரல், மருமகள் எழுதியிருந்தால் மருமகள் குரல். "ஆயம்மா படிச்சா ஆளே வந்து நிக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். முன்பு சொன்னார்கள். பிறகு பழகிப்போய்விட்டது. நான் பாதியில் இருக்கும்போதே வேலாயி எழுந்து, "அடுப்புல சோறு கெடக்கு" என்று போய்விடுவாள். குறையாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க மலையில் நின்றவர்கள். எனக்கும் அசதிதான்.

போன ஐப்பசியில் முதல் கடிதாசி வந்தது. பேச்சியம்மாவின் மகன் நல்லமுத்து தாய்மாமன் மகளைக் கட்டி மூன்று வருஷமாக இந்தியாவில் துறையூர்ப் பக்கம் இருந்தான். எழுதியது அவன் மச்சான் சிவசாமி. நல்லமுத்துவுக்கு இருமினால் ரத்தமாக வருகிறது, திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறான், அத்தையைக் கப்பலுக்குப் பாஸ் எடுத்து உடனே அனுப்பி வையுங்கள் என்று இருந்தது.

அன்று மழை. பேச்சியம்மா மட்டும்தான் வந்திருந்தாள். கடிதாசியை வாங்கி ஓரத்தைப் பார்த்தாள். நம் ஆட்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் ஓரம் தெரியும். மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி, கரி தடவியிருந்தால் சாவு. இதில் இரண்டும் இல்லை.

"என்னக்கா, ஒன்னுமே தடவல. சும்மா எழுதியிருக்கானா?"

"சும்மாதான். நல்லா இருக்கானாம்" என்றேன்.

நனைந்து நின்றவளிடம் ரத்தம் என்று எப்படிச் சொல்வது. விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் பிள்ளையை விட வந்த வேலாயியிடம், நல்லமுத்துவுக்கு உடம்பு சரியில்லையாம் என்றேன்.

"காச்சலா இருக்கும். எளவட்டம்தானே, எந்திரிச்சிருவான்" என்று கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் அந்தக் கடிதாசியின் ஓரத்தில் அடுப்புக்கரியைத் தடவினேன். வேலாயியையும் ராக்காயியையும் கூப்பிட்டுக் காட்டினேன். "பையன் போயிட்டான். பேச்சிக்கு நெஞ்சுவலி இருக்கு. இப்பச் சொன்னா அவளையும் தூக்க வேண்டியதுதான். தை பொறக்கட்டும், பக்குவமா நானே சொல்றேன்" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இரண்டு நாளில் பேச்சியம்மாவைத் தவிர மூன்று லயத்துக்கும் தெரிந்துவிட்டது. நோய் என்றே விட்டிருந்தால் யாராவது உங்களிடம் பாஸுக்கு ஓடி வந்திருப்பார்கள். சாவுக்கு அப்படி அவசரம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நானே ஒரு கடிதாசி எழுதி, ஓரத்தில் மஞ்சள் தடவி, நல்லமுத்து போட்டதாகச் சொல்லிப் பேச்சியம்மாவுக்கு வாசித்தேன். என் வாசலில் இடம் பற்றவில்லை.

"அம்மா, பின்பக்கத் தகரம் ஒழுகுமே, மாத்திக் குடுத்தாங்களா?" என்று நல்லமுத்துவின் குரலில் கேட்டேன்.

"எங்கடா மாத்துறாங்க. தோட்டத்துக் கண்டாக்கையா வந்து அண்ணாந்து பாத்துட்டு, ஒனக்கு மட்டும் வீட்டுக்குள்ளயே தண்ணிப் பீலி இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு" என்று பேச்சியம்மா என்னைப் பார்த்தே பதில் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். ராக்காயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"கம்பளி போத்திக்கிட்டுப் படுக்கிறியாம்மா?"

"போத்துறேண்டா. நீ போத்துறியா?"

அவ்வளவுதான் பேச்சு. பதினேழு பேர் அழுதார்கள். ஒருத்தியும் சோற்றைப் பார்க்க எழுந்து போகவில்லை. பேச்சியம்மா மட்டும் சிரித்த முகமாகச் சுற்றிப் பார்த்து, "ஏண்டி, எம் மகன் கடுதாசிக்கு நீங்க ஏன் மூக்கச் சிந்துறீங்க? பொறாமையாடி?" என்றாள். அதற்கும் அழுதார்கள்.

மாசி மாதக் கூத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள், தம்பி. சாமியின் நெற்றிக்கண்ணில் எரிந்துபோகப் போகிறவன், "போன சுருக்கில வந்துடுறேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். அவன் எரியப்போவது அவனுக்குத் தெரியாது. உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் அந்த உப்புச்சப்பில்லாத வார்த்தைக்கு நமக்கு நெஞ்சை அடைக்கிறது. கேட்கிறவர்களுக்குத் தெரிந்திருந்து, நிற்கிறவளுக்கு மட்டும் தெரியாவிட்டால், "சாப்பிட்டியா" என்ற ஒரு சொல் போதும். குரலை மாற்றி மாற்றி நான் இத்தனை வருஷம் பட்ட பாடெல்லாம் வீண்.

கார்த்திகையில் இரண்டாவது நிஜக் கடிதாசி வந்தது. டாக்டர் கைவிரித்துவிட்டார், அவன் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான், அத்தை கிளம்பியாயிற்றா என்று சிவசாமி கேட்டிருந்தான். அதை மாவுத் தகரத்துக்குள் போட்டு மூடினேன். "தையில வர்றேம்மா" என்று நான் ஒன்று எழுதினேன். பேச்சியம்மா தன் வீட்டுக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். அவன் படுக்கப் புதுப்பாய் வேண்டும் என்று ஹட்டனுக்குப் பஸ் ஏறிப் போனாள். அவள் பாயைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தபோது, பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் குடத்தை அப்படியே விட்டுவிட்டு நின்றார்கள்.

ராக்காயிக்குப் பொறுக்கவில்லை. "பாவம் ஆயம்மா, சொல்லிரலாம். செத்தவனுக்குப் பாய் வாங்கிட்டு வர்றா."

"சொல்லு. அவ விழுந்தா நீதான் தூக்கணும்" என்றேன்.

அவள் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து முன்னால் உட்கார்ந்தாள். அவளையும் கோயிலில் நிறுத்திக் கேளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்குத் தெரிந்தது நான் தெரியவைத்தது மட்டும்தான்.

மார்கழியில் மூன்றாவது கடிதாசி வந்தது. அதில் கரியை அவர்களே தடவியிருந்தார்கள். உள்ளதைச் சொன்னால், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. நான் பொய் சொன்னதாக இனி ஆகாது. கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதல் கடிதாசி என் கைக்கு வந்த நாளிலிருந்து அவன் ஐம்பத்து மூன்று நாள் உயிரோடு இருந்தான். நீங்கள் கூடவே நின்று கேட்டிருந்தால் இரண்டு வாரத்தில் பாஸ் கிடைத்திருக்கும். தலைமன்னாரில் கப்பல் ஏறினால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ திருச்சி. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். யாரால் என்று கேட்டீர்கள். என்னால்தான்.

தை பிறந்ததும் சிவசாமியே வந்துவிட்டான். நேரே பேச்சியம்மா காம்பராவுக்குப் போய், "மூணு கடுதாசி போட்டோமே அத்தை, ஏன் வரல? அம்மா எந்த ஸ்டேசன்ல இருக்கு, எந்த ஸ்டேசன்ல இருக்குன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடந்தான்" என்றிருக்கிறான். வேலாயி என் மேல் சாணியைக் கரைத்து ஊற்றியதும், பிள்ளைக்காம்பராப் பக்கம் என்னை வரவிடாததும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

நேற்று மத்தியானம் பேச்சியம்மா என் வாசலுக்கு வந்தாள். எல்லோரும் மலையில் இருந்தார்கள். என்னைத் திட்டவில்லை. சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"அந்த மூணையும் எடுங்கக்கா. உள்ளத உள்ளபடி படிங்க. மறைச்ச வாயாலயே கேக்கணும்."

எடுத்துப் படித்தேன். இருமினால் ரத்தம் என்ற இடத்தில் பாதத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற இடத்தில், "இன்னொருக்கா" என்றாள். படித்தேன். "இன்னொருக்கா" என்றாள்.

மூன்றாம் தரம் படிக்கும்போது என் குரல் தானாகவே நல்லமுத்துவின் குரலாகிவிட்டது. பேச்சியம்மாவின் உதடு துடிக்க ஆரம்பித்தது. நான் தாளிலிருந்து தலையைத் தூக்கி வெளியே பார்த்தேன். லயத்து வாசல்கள் எல்லாம் வெறிச்சென்று கிடந்தன.

தாளை மடித்து வைத்துவிட்டு, "சாயங்காலம் வா பேச்சி, எல்லாரும் வந்துரட்டும், மிச்சத்த அப்பப் படிக்கிறேன்" என்றேன்.