வாலு கட்டிய ஊர்

மெமரி கார்டு வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். நான் முதலில் கார்டைப் புரட்டிப் பார்ப்பேன். போலியில் எழுத்து லேசாகத் தடித்திருக்கும், ஓரம் நகத்தில் உரசும். ஆனால் இப்போது வருகிற போலிகள் அசலை அப்படியே உரித்து வைத்திருக்கின்றன, அதனால் கண்ணை நம்பாதீர்கள். கார்டை விளிம்புவரை நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அதைச் செய்யாமல் நான் யாருக்கும் கார்டு விற்றதில்லை, ஒரே ஒருவரைத் தவிர. கையில் வைத்து விளையாடும் கேம் கருவிக்கு நல்ல கார்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், இந்தத் தெருவில் என் கடையைத்தான் காட்டுவார்கள்.

போலி கார்டு உடனே காலை வாராது. சின்னக் கார்டுக்கு, தான் பெரிய கார்டு என்று பொய் சொல்லக் கற்றுக் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். உண்மையான இடம் தீர்ந்ததும், புதிதாக வருவதைப் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். பட்டியலில் பெயர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அப்படி என்னிடம் மாட்டியவற்றைச் சுத்தியலால் தட்டிக் குப்பையில் போடுவேன். ஒன்றை மட்டும் தட்டாமல் வைத்திருந்தேன்.

என் அக்கா மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஒன்பது வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அவள் விட்டுப் போனது ஒரு கேம் கருவி. அதில் ஒரு ஊர் கட்டியிருந்தாள். விளையாடும்போது ஓயாமல் பேசுவாள், அந்தப் பேச்சையும் பதிவு செய்து வைத்திருந்தாள். அந்த மாதிரிக் கருவியில் எல்லாமே கார்டில்தான் இருக்கும். அந்த ஊரில் பொழுது சாயும்போது, வாலுவின் உருவப் பொம்மை, அம்மாவுக்கென்று கட்டிய வீட்டின் வாசலில் வந்து நிற்கும். அதன் தலைக்கு மேல் வாலுவே எழுதி வைத்த வரி தோன்றும்: அம்மா, கதவைத் திற.

அக்கா அதற்காகவே உயிரோடு இருந்தாள். அத்தான் வெளியூர் வேலையில் இருந்தார், எப்போதாவது வருவார். நான் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். அக்கா நிமிர்ந்து பார்க்க மாட்டாள். "கொஞ்சம் இருடி, அவ பேசி முடிக்கட்டும்" என்பாள். நான் உட்கார்ந்திருப்பேன், சாப்பாடு ஆறும். சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்தவர்கள் நாங்கள். எனக்கு அவளை விட்டால் வேறு யாரும் இல்லை.

ஒருநாள் எனக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பலகை: அம்மா வீடு, அப்பா வீடு, டீச்சர் வீடு, பூனை வீடு.

"என்னக்கா, தெருப் பூனைக்கெல்லாம் வீடு குடுத்திருக்கா, எனக்கு ஒரு குடிசைகூட இல்லையா?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அக்கா சிரித்தாள். "குழந்தைதானே, மறந்திருப்பா."

நானும் சிரித்தேன். குழந்தை மேல் யாராவது கோபப்படுவார்களா?

அந்த வாரமே அக்கா கடைக்கு வந்தாள். "நான் அந்த ஊர்ல சுத்தி வர்றதையும் பதிவு பண்ணலாம்னு பார்த்தேன், இடமில்லைன்னு சொல்லுது. நல்ல கார்டா பார்த்துக் குடு. உன்கிட்ட வாங்கினா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

தட்டாமல் வைத்திருந்ததை எடுத்தேன். பழைய கார்டில் இருந்ததை அதற்கு மாற்றினேன், அத்தனையும் அடங்கியது. அதற்கு மேல் உண்மையில் கொஞ்சம் இடம்தான் பாக்கி. "தினமும் பதிவு பண்ணுக்கா. இனிமே இடத்துக்குப் பஞ்சமே இல்லை" என்றேன். "பழசைத் தூக்கிப் போட்டுடாதே" என்றாள். "பத்திரமா வச்சிக்கிறேன்" என்றேன்.

மாத்திரையை டாக்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள் இல்லையா, அப்படித்தான் நினைத்தேன். ஒரேயடியாகப் பிடுங்கினால் தாங்க மாட்டாள். நான் எதையும் அழிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பதிவு செய்யும் பொத்தானைத் தினமும் அழுத்தியது அக்காவின் விரல்.

முதலில் வாலு பாடிய பதிவு காலியாகிப்போனது. பிறகு அவள் பூனையைத் திட்டும் பதிவு. ஒருநாள் ஊரே திறக்கவில்லை. அக்கா செருப்பில்லாமல் கடைக்கு ஓடி வந்தாள்.

"பழைய கார்டு இருக்கில்ல?"

"நீதானேக்கா அதை அழிச்சிடச் சொன்னே."

"நானா?"

"ஆமா. அது இருந்தா கஷ்டமா இருக்குன்னு சொன்னே. மறந்துட்டியா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். என்னை நம்பாமல் அவள் யாரை நம்புவாள்?

இப்போது அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். சூடாகச் சாப்பிடுகிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். சில சமயம் சோற்றைப் பிசைந்தபடியே, "நான் ஏன்டி அப்படிச் சொன்னேன்?" என்று கேட்பாள். "விடுக்கா" என்பேன். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன்.

பழைய கார்டு கடை மேசை இழுப்பறையில் இருக்கிறது. அசல் கார்டு, இன்னும் பல வருஷம் உழைக்கும். மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த ஊருக்குப் போகிறேன். எனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டேன், பலகையில் சித்தி வீடு என்று எழுதினேன். அதற்காக அக்கா வீட்டை இடிக்க வேண்டியிருந்தது. வேறு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். ஆற்றங்கரையில் நிறைய இருந்தது.

அந்த ஊரில் பொழுது சாயும்போது வாலு தவறாமல் வருகிறாள். அதே இடத்தில், என் வாசலில் வந்து நிற்கிறாள். அம்மா, கதவைத் திற என்கிறாள். முதல் நாள் மட்டும் கதவைத் திறக்கத் தாமதித்தேன். இப்போது அவள் வருவதற்கு முன்பே கதவருகில் போய் நின்றுகொள்கிறேன். என்னைத்தானே கூப்பிடுகிறாள்.