பவுனம்மா கல்லு

அப்போ இந்தக் காலனி ஏது? ஆத்தங்கரையோரம் குடிசைங்கதான். அங்க பவுனம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்கப்பாவுக்கு அத்தை முறை. மீன் கூடை தூக்கிப் பொழைச்சவ.

ஒருநாள் லாரி வந்துச்சாம். "குடிசையக் காலி பண்ணுங்க, மாடி வூடு தர்றோம்"னாங்களாம். மாடி வூடு! சனம் கற்பூரம் கொளுத்திட்டு ஏறுச்சாம். பவுனம்மாவுக்கு மூணாவது மாடி.

சனம் ஏறுச்சு. தண்ணி ஏறலையாம். மோட்டார் ஒரு மாசம் ஓடுச்சாம், நின்னுச்சாம். கீழ ஒரே குழாய். தூக்குனாங்களாம், குடம் குடமா வருசம் பூரா தூக்குனாங்களாம். படிக்குக் கைப்பிடிச் சுவரே கட்டல. மருமக கன்னியம்மா, வயித்துல ஏழு மாசம், இடுப்புல குடம். ரெண்டாவது மாடித் திருப்பத்துல வழுக்கி விழுந்துட்டா. புள்ளையும் போச்சு, அவளும் போய்ட்டா.

காரியம் முடிச்ச மறுநாளே பவுனம்மா ஆபீசுக்குப் போனாளாம்.

"ஐயா, தண்ணி ஏறல. கைப்பிடி இல்ல. என் மருமக செத்துட்டா."

அதிகாரி தலைய நிமித்தலையாம். "உங்க பிளாக்குல எல்லா வேலையும் முடிஞ்சாச்சும்மா. கல்லுகூட வெச்சாச்சு. போய்ப் பாரு."

வந்து பார்த்தாளாம். வாசல் சுவத்துல பளபளன்னு கல்லு, தொறந்து வெச்சவங்க பேரு வரிசையா. இவளுக்குப் படிக்கத் தெரியாது. "இதுல எங்க கன்னியம்மா பேரு இருக்கா?"ன்னாளாம். இல்லன்னாங்களாம். எடுத்தா கடப்பாரைய. பட்டப்பகல்ல, சனம் பார்க்கப் பேத்தா. குழாயடிக்கு இழுத்துட்டுப் போயி, பேரு மேல தெரியுற மாதிரி போட்டு, மருமக சீலைய அதுல அடிச்சாளாம், அடிச்சாளாம், கை ஓயுற வரைக்கும் அடிச்சாளாம்.

போலீசு வந்துச்சு. அவளத்தான் கூட்டிட்டுப் போச்சு, கல்ல விட்டுடுச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு வந்து பார்த்தா, பொம்பளைங்க வரிசை கட்டி அந்தக் கல்லுலதான் துவைக்கிறாங்களாம்.

அந்தக் கட்டடம் இருபது வருசம்கூடத் தாங்கல. இடிச்சாங்க, நம்மள இவ்ளோ தூரம் தள்ளுனாங்க. சனம் கட்டில விட்டுட்டு வந்துச்சாம், கல்ல விடல. அதோ, குழாயடியில கிடக்குதே, அதான் பவுனம்மா கல்லு. தடவிப் பாருங்க, ஒரு எழுத்து மிச்சமில்ல. முழுகாம இருக்குறவ இங்க குடம் தொடக்கூடாது, பிளாக்கே ஆளுக்கொரு குடம் அவளுக்குக் கொண்டாந்து ஊத்தணும். அதுவும் பவுனம்மா போட்ட சட்டம்தான்.

இங்கயும் தண்ணி ஏறல. வாசல்ல புதுக் கல்லப் பார்த்தீங்களா? ரெண்டாள் உயரத்துல பதிச்சிருக்காங்க. அவகிட்டயிருந்து அத மட்டும் கத்துக்கிட்டாங்க.