தேவதாஸுக்கு எடுத்த நரம்பு

தூண்டில் வாங்கப் போனா நீங்க முதல்ல கம்பைப் பாப்பீங்களா, நரம்பைப் பாப்பீங்களா?

கம்பைத்தான் பாப்பீங்க. காஜா பேராங் ரோட்டுல, சீன முதலாளி தவுக்கே கடையில, ஒன்பது வருஷமா தூண்டில் சாமான் விக்கிறவன் சொல்றேன். எடுத்து ரெண்டு ஆட்டு ஆட்டுவாங்க. அதுக்குள்ளயே பெரிய தெங்கிரி மீன் மாட்டின மாதிரி முகம் வந்துரும்.

படகை நிறுத்தி நேரா கீழே இறக்கிப் பிடிக்கிறதுக்கு நீளக் கம்பு ஆகாது. மீன் மாதிரி வார்த்த ஈயக்கட்டியைக் கடலடி வரைக்கும் விட்டு, வெடுக்கு வெடுக்குன்னு மேலே இழுக்கணும். கம்பு குட்டையா, விறைப்பா இருக்கணும். நரம்பு மெலிசா இருந்தாத்தான் நீரோட்டம் அதை இழுத்துட்டுப் போகாது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷம் எங்க கடைக்கு நைலான் நரம்பு வந்துச்சு. அருமையான சரக்கு. பருத்திக் கயிறு மாதிரி ஊறாது, அறாது. ஆனா கயிறைக் கையில சுத்திக்கிட்டு இழுக்கிற மாதிரி இதைச் சுத்தக் கூடாது. செமாபோக் ஊர்த் தச்சர் ஒருத்தர் பழைய பழக்கத்துல சுத்தி, சுண்டுவிரலைக் கடல்ல விட்டுட்டு வந்தார். அதுலேருந்து நரம்பு கேட்ட அத்தனை பேருக்கும் சொல்லிருவேன், கம்பும் ரீலும் சேர்த்து வாங்குங்கன்னு.

தேவதாஸ் ஒருத்தனுக்குத்தான் சொல்லல.

ஆறு வருஷமா நானும் அவனும் ஒரே அறை. நான் சோறு வடிப்பேன், அவன் குழம்பு வைப்பான். டைப்ரைட்டிங் படிச்சான். மிஷின் இல்லாததால பலகையில விரலால தட்டிப் பழகுவான். அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும். ஊர்லேருந்து எனக்குக் கடுதாசி போட ஆளில்ல. அவனுக்குக் கடுதாசி வந்துச்சு. கோலாலம்பூர்ல கவர்மெண்ட் வேலை, டைப் அடிக்கிற வேலை. ஞாயித்துக்கிழமை காலை பஸ்.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தான்.

"போறதுக்குள்ள ஒரு தெங்கிரியாவது புடிச்சிரணும்ணே. நல்ல கம்பா எடுங்க."

"உனக்கு எதுக்குடா கம்பு? அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கு. நமக்குக் கை இருக்கு."

"வந்த வியாபாரத்தை வேணாங்கிறீங்க. தவுக்கே காதுல விழுந்தா உங்களைக் கப்பலேத்திருவாரு."

"ஏத்தட்டும். உன்கூட கோலாலம்பூர் வந்துர்றேன்."

சிரிச்சான். வாங்கண்ணேன்னு சொல்லல.

இருந்ததுலயே மெலிசான, இருந்ததுலயே உறுதியான நரம்பை எடுத்துக் கொடுத்தேன். சரக்குல குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை கிளேபாங் கடற்கரையில சம்பான் படகு ஒண்ணு வாடகைக்கு எடுத்தோம். நல்ல வெயில், நல்ல காத்து. அவன் பாட்டுக்குப் பாடிக்கிட்டே ஈயக்கட்டியை இறக்கினான்.

"வழுக்குதுண்ணே."

"கையக் காட்டு."

வலது கை நாலு விரலையும் சேர்த்து மூணு சுத்து நானே சுத்தி விட்டேன்.

பத்து மணி வாக்குல மாட்டிச்சு. பெரிய மீன். கத்தி என்கிட்டதான் இருந்துச்சு. நரம்பை அறுத்து விட்டேன். உடனே இல்ல, கொஞ்சம் பொறுத்து.

அவனைக் கொல்லணும்னு நான் நினைக்கவே இல்ல. டைப் அடிக்க முடியாமப் போனா போதும்னுதான் நினைச்சேன். டாக்டர் மூணு விரலை எடுத்துட்டார். இடது கையால என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு, "நீங்க கூட இல்லன்னா செத்திருப்பேண்ணே"ன்னு அழுதான். வாஸ்தவந்தான். என்னை விட்டா அவனுக்கு யார் இருக்கா? இதுவரைக்கும் யாரும் என்னை ஒண்ணும் கேக்கல. அதான் நானா எழுதறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு கோலாலம்பூர் பஸ் கிளம்பிப் போச்சு. நான் ஆஸ்பத்திரியில அவனுக்குத் தோசையைப் பிச்சு ஊட்டிக்கிட்டிருந்தேன்.