லண்டன் சுவரில் ஒரு தோட்டத்துப் பெண்

ஆமாண்ணே, அந்தச் சுவத்துப் படத்துல பால்வாளியோட சிரிக்கிறது நான்தான். ஹில்டா. எடுத்தவரு கஸ்பாரு, இந்த ஸ்டூடியோவே முன்ன அவரோடதுதான். நீங்க அவரு அண்ணன்கிட்டேருந்து வாங்குனீங்க, அவரத் தெரிஞ்சிருக்காதுலா. மெதுவாவே கேமராவுல கண்ணாடித் தட்ட மாட்டுங்க. அதுக்குள்ள சொல்லிர்றேன்.

லகாட் பக்கம் நாங்க பால் வெட்டுற ரப்பர் தோட்டம். புது ஸ்டோர் கட்டடத்தப் படம் எடுக்க தொரை இவரக் கூப்பிட்டாரு. இவரு கட்டடத்த ஒண்ணு எடுத்துட்டு, பாக்கி பூரா என்னையே எடுத்து வச்சிருக்காரு. தொரைக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

அப்புறமென்ன, அப்பாகிட்டயே வந்து பொண்ணு கேட்டாரு. அப்பாவும் சரின்னுட்டாரு. அந்த நேரம் பாத்து லண்டன்ல பெரிய எக்ஸிபிஷன். நம்ம மலாயாப் படங்களக் கொண்டுபோயி மாட்ட ஆளு வேணும்னு இவரக் கப்பல்ல ஏத்திட்டாங்க. சீக்கிரம் வந்திர்றேன் ஹில்டான்னாரு.

எங்க வர்றது? அங்க ஒரு வெள்ளக்காரம்மா கேலரி வச்சிருந்துச்சாம். கேலரின்னா படத்த மட்டும் மாட்டி வைக்கிற வீடுண்ணே, சனங்க வந்து பாத்துட்டுப் போவாங்களாம். எந்தப் படத்துக்குப் பக்கத்துல எது இருந்தா கண்ணு நிக்கும்னு இவரு சொன்னது அந்தம்மாவுக்குப் புடிச்சுப்போயி, கேலரியவே இவரு கையில குடுத்துருச்சு. அப்புறம் பாரீசு, பெர்லின், கொழும்புன்னு ஊரு ஊரா போயி படம் பொறுக்குறதுதான் வேல. கேமராவத் தொடுறதே இல்ல. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரரு.

பல வருசம் கழிச்சு ஒரு கிறிஸ்மசுக்கு வந்தாருண்ணே! கோட்டென்ன, தொப்பியென்ன! அம்மா கோழியடிச்சுக் கொழம்பு வச்சாங்க. சாப்புட்டுக்கிட்டே, ஹில்டா, உன் படத்துக்கு முன்னாடிதான் கூட்டம் நிக்குதுன்னாரு. எனக்கு ஒரே பூரிப்பு. கீழ என்ன எழுதியிருக்கீங்கன்னு கேட்டேன். பால்மரம் வெட்டுற பொண்ணுன்னாரு. பேரு? பேரெல்லாம் போடுறதில்ல, போட்டா அது வெறும் உன் படமாயிரும்னாரு.

அப்புறம் என்னை வாசப் பக்கம் நிக்கச் சொன்னாரு. தலையச் சாச்சுக்கிட்டு பாத்தாரு. கொஞ்சம் இப்புடி, கொஞ்சம் அப்புடின்னாரு. வருசக்கணக்கா அந்தப் பார்வைக்குத்தாண்ணே காத்துக் கெடந்தேன். அது என் மூஞ்சியில விழுந்த வெயிலப் பாத்துச்சு, என்னையப் பாக்கல.

கல்யாணம் பண்ணி லண்டனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு. நான் வரலங்கன்னுட்டேன். அவரு மொகம் செத்துப்போச்சு, பாவம். கப்பல்ல திங்க முறுக்கு கட்டிக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாரு. அப்பாதான் ரொம்ப நாளு மொகம் குடுத்துப் பேசல.

அழுதேனாவா? அழாம? கொழாயடியில நின்னு நல்லா அழுதேன். சத்தம் கேக்காம இருக்க தண்ணியத் தொறந்து விட்டேன், வாளி ரொம்பி வழிஞ்சு, வரிசையில நின்ன பொம்பளைங்ககிட்ட வசவு வாங்குனேன்.

என்னது, இப்ப எடுக்குற படத்த லண்டனுக்கு அனுப்பவா? ஐயோ, இல்லலா! எங்க வீட்டுல மாட்டண்ணே.

அந்தக் கறுப்புத் துணிக்குள்ளேருந்து கொஞ்சம் வெளிய வாங்க. இன்னொரு நாக்காலி போடணும். வெளிய சைக்கிளப் புடிச்சிக்கிட்டு உள்ள வர வெக்கப்பட்டு நிக்கிறாரே, அவருக்கு. அந்தோணிமுத்து. நேத்துதான் மாதா கோயில்ல எங்களுக்குக் கல்யாணம் ஆச்சு.